மூன்றரை விநாடி

புனேவை அடுத்த கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகளில் சியாமளாவைப் பற்றி ஒரு கதை உண்டு. அவள் கணக்குப் போட்டுக் கொடுத்த ஃப்ளைவீல் ஒன்று மத்தியானம் கரண்ட் போன பிறகும் ஓடிக்கொண்டே இருந்ததாம். எல்லோரும் சாப்பிட்டு, டப்பா கழுவி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்து வந்தால், கரண்ட் திரும்ப வந்துவிட்டதாம். நடுவில் கரண்ட் போன விஷயமே சக்கரத்துக்குத் தெரியாதாம். சொல்கிறவர்கள் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். சியாமளாவைக் கேட்டால், "நாலு நிமிஷம் ஓடுச்சுங்க. மிச்சமெல்லாம் டீக்கடைல சேத்துக்கிட்டது" என்பாள்.

ஃப்ளைவீல் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தையல் மிஷினை மிதித்துவிட்டுக் காலை எடுத்த பிறகும் நாலு தையல் ஓடுகிறதே, அந்தச் சக்கரம்தான். இரும்புத் தகடு வெட்டும் பிரஸ்ஸில் அதுவே அறுநூறு கிலோ கனத்தில், ஒரு ஆளை மறைக்கும் அகலத்தில் இருக்கும். தகட்டின்மேல் அடி விழும் அந்தக் கண நேரத்தில் மோட்டாரால் அவ்வளவு பலத்தையும் தனியாகக் கொடுக்க முடியாது. சக்கரம் சுழன்று சுழன்று சேர்த்து வைத்ததை அப்போது அள்ளிக் கொடுக்கும். கொடுத்ததும் கொஞ்சம் வேகம் குறைந்து தளரும். அடுத்த அடிக்குள் மோட்டார் அதைத் தேற்றிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு கொடுக்கும், எவ்வளவு தளரும், தேறுவதற்கு எத்தனை விநாடி வேண்டும், அதற்கு எத்தனை கிலோ சக்கரம் வேண்டும் என்பதுதான் கணக்கு. அதைத்தான் சியாமளா முப்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தபோது நாற்பத்தெட்டுப் பையன்களுக்கு நடுவே அவள் ஒருத்தி. கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தாள். கணவர் ரவிசந்திரனுக்குக் கோர்படியில் ராணுவ வொர்க்ஷாப்பில் சிவிலியன் கிளார்க் வேலை. பழைய பிரஸ்களை வாங்கிப் பிரித்துப் புதுசாக்கி விற்கும் கசார்வாடிக் கம்பெனி ஒன்றில் இவளும் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்பிள்ளை பட்டறைக்குள் வந்தால் ஆட்கள் சரளமாகத் திட்டிக்கொள்ள முடியாமல் உற்பத்தி குறையும் என்று முதலாளி ராகவேந்திரா கவலைப்பட்டு, மூலையில் ஒரு மேஜையும் ஒரு கட்டு கிராஃப் தாளும் கொடுத்து உட்கார வைத்தார். அவள் அந்தத் தாளில் பிரஸ்ஸின் ஒரு சுற்றை வளைகோடாக வரைவாள். சராசரிக்கு மேலே எத்தனை கட்டம், கீழே எத்தனை கட்டம் என்று பென்சில் நுனியால் எண்ணுவாள். அரைக் கட்டத்தையும் விடமாட்டாள். வீட்டில் தோசைக்கல்லில் தோசை வட்டம் பிசகினால்கூட எத்தனை கட்டம் பிசகு என்று கண் எண்ணும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கட்டம் எண்ணும் வேலை போனது. கணக்கு அவளிடமே நின்றது. முப்பது வருஷத்தில் அவள் சொன்ன சக்கரம் எதுவும் சிக்கியதில்லை, உடைந்ததில்லை. மராத்திக்காரர்கள் அக்காவைத் தாயி என்பார்கள்; அவள் எல்லோருக்கும் தாயி ஆனாள்.

அவளிடம் கால் கிலோ பித்தளைச் சுத்தியல் ஒன்று இருந்தது. நவராத்திரி நவமியன்று, நம் வீடுகளில் ஆயுத பூஜை நடக்கிற அதே நாளில், அங்கே பட்டறைகளில் கண்டே நவமி. மிஷின்கள் எல்லாம் கழுவிக் குளித்து, செண்டுமல்லி மாலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பட்டறையில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும். அவள் சக்கரம் ஓடுகிற இடத்திலிருந்தெல்லாம் பூஜைக்கு அழைப்பு வரும். போவாள். பேடா வாயில் போட்டுக்கொண்டு சுத்தியலால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரி இழுத்துப் பாடும். "தாயி பூஜை பண்ணியாச்சு" என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

இந்த வருஷம் சிஞ்ச்வட்டில் ஒரு பிரஸ் ஷாப்புக்குப் போனாள். வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். அங்கே இருந்த நூறு டன் பிரஸ்ஸுக்கு ஏழு வருஷம் முன்னால் சக்கரமும் மோட்டாரும் கணக்குப் போட்டுக் கொடுத்தது அவள்தான். அப்போது ஷாப்பை நடத்தியவர் பெரிய பாடீல். இப்போது மகன் அபினவ். பொறுமையும் சிரிப்புமான பையன்தான். படித்த இடத்தில் மேடைப் பேச்சும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அந்த ஷாப்பில் ஒரு வழக்கம். ஆரத்தி முடிந்ததும் முகூர்த்த நேரத்தில் பெரிய பிரஸ்ஸை ஓட்டி, முதல் அடியில் வருகிற துண்டைச் சாமிக்கு முன்னால் வைப்பார்கள். அடிக்கிறவன் ஏகநாத், பத்து வருஷமாக அந்த மிஷினுக்கு அவன்தான் ஆள். அவன் மனைவி மிஷினுக்கு ஆரத்தி எடுத்துவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். தலைக்கு மேலே செண்டுமல்லிச் சுருளோடு சக்கரம்.

அபினவ் மைக்கைப் பிடித்தான். "போன மாசம் இந்த ஒரே மிஷினில் ஏகநாத் காகா ஷிஃப்டுக்குப் பன்னிரண்டாயிரம் துண்டு அடித்திருக்கிறார்! பன்னிரண்டாயிரம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். சியாமளாவும் தட்டினாள். தட்டிக்கொண்டே, வேண்டுமென்று இல்லை, பழக்க தோஷத்தில் வகுத்தாள். எட்டு மணி நேர ஷிஃப்ட், சாப்பாடு, டீ போக ஏழு. ஏழு மணி நேரத்துக்கு இருபத்தையாயிரத்து இருநூறு விநாடி. பன்னிரண்டாயிரத்தால் வகுத்தால் இரண்டு, கொஞ்சம் மேலே.

கை தட்டுவதை நிறுத்தினாள்.

ஏழு வருஷம் முன்னால் இதே இடத்தில் ஸ்டாப் வாட்சோடு அரை நாள் நின்றவள் அவள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூன்றரை விநாடி என்று குறித்துக்கொண்டாள். அந்த மூன்றரையில் தேறுகிற மாதிரிதான் மோட்டாரும் சக்கரமும். இரண்டு விநாடியில் தேறாது. தேறாமலே அடுத்த அடி, அதற்கும் அடுத்த அடி. வேகம் இறங்க இறங்க ஒவ்வொரு அடிக்கும் தளர்ச்சி கூடும், சக்கரமும் தண்டும் பிணைந்த இடத்தில் உலுக்கலும் கூடும். ஒரு ஷிஃப்டுக்குப் பன்னிரண்டாயிரம் முறை.

அவள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பைக்குள்ளிருந்து சுத்தியல் வந்தது. ஆட்கள் வழக்கம்போலச் சிரிக்கத் தயாரானார்கள். தட்டினாள்.

சக்கரம் பாடவில்லை. மண்பானையைத் தட்டினாற்போல ஒரு சத்தம் வந்து அங்கேயே விழுந்தது.

"மாலை கட்டியிருக்கு இல்லையா மேடம், அதனாலதான்" என்றான் அபினவ்.

"இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் மாலையை அவிழ்க்க ஆரம்பித்தாள். பூஜை முடியாத மாலை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினாள். அதே பானை.

பிறகு அவள் செய்ததைத்தான் அந்தப் பட்டறையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சக்கரத்தின் நடுவே, தண்டு நுழைகிற குடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. துணியால் அழுத்தித் துடைத்தாள். கைப்பையில் மருதமலை விபூதிப் பொட்டலம் எப்போதும் இருக்கும். பிரித்து அந்த இடத்தில் மெல்லப் பூசினாள். கருப்பு இரும்பு வெள்ளையானது. எல்லோரும் அவள் ஏதோ தமிழ்நாட்டுப் பூஜை செய்கிறாள் என்றே நினைத்தார்கள். ஏகநாத்தின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். நூறு எண்ணுவதற்குள் வெள்ளைக்கு நடுவே ஒரு கருங்கோடு ஊறிக்கொண்டு வந்தது. தண்டையும் சக்கரத்தையும் பிணைக்கிற சாவித்துண்டு உட்கார்ந்திருக்கும் மூலையில் தொடங்கி, தலைமுடி கனத்தில், வெளியே ஒரு விரல் நீளத்துக்கு. உள்ளே புகுந்திருந்த எண்ணெய் விபூதியில் கசிந்து விரிசலைக் காட்டிக் கொடுத்தது.

"விரிசல்" என்றாள். "மிஷினை ஓட்டாதீங்க."

அபினவ் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "வார்ப்படம் சரியில்ல போலிருக்கு. ஃபவுண்ட்ரிக்காரனைப் பிடிக்கிறேன். லீவு முடிஞ்சு கழட்டிடலாம் மேடம். இப்ப ஒரே ஒரு அடி. முகூர்த்தத்துக்கு ஆறு நிமிஷம்தான் இருக்கு."

"ஒரு அடியும் வேண்டாம்."

"ஏழு வருஷம் ஓடியிருக்கு. ஒரு அடில என்ன ஆயிடும்? பாருங்க, உங்க கணக்குதான் அங்க தொங்குது." அவன் சுவரைக் காட்டினான். சாமி படங்களுக்குப் பக்கத்தில், லாமினேட் செய்து, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, அவளுடைய கணக்குத் தாள். கீழே அவள் கையெழுத்து. "அப்பா சொல்லுவார், ஊரே இடிஞ்சாலும் சியாமளா மேடம் கணக்கு நிக்கும்னு. இந்த மிஷின்மேல இவங்களுக்கு இருக்கிற நம்பிக்கையே அந்தத் தாள்தான்."

அவன் ஏகநாத்துக்குத் தலையாட்டினான். ஏகநாத் பச்சைப் பட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். சின்னக் குழந்தை அப்பாவின் பேன்டைப் பிடித்துக்கொண்டது.

சியாமளா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். விரிசல் என்று சொல்லியாயிற்று, இருந்தும் ஓட்டப்போகிறார்கள். அந்தத் தாள் சுவரில் இருக்கும்வரை ஓட்டத்தான் செய்வார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. முப்பது வருஷத்தில் சேர்ந்த பெயர் முழுவதும் அந்த ஒரு தாளில் குங்குமம் வைத்துக்கொண்டு நின்றது. ஃபவுண்ட்ரிக்காரனின் தவறு என்றே விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவன் பாவம், அந்தக் கூட்டத்தில்கூட இல்லை.

"ஏகநாத் பாவு" என்று கூப்பிட்டாள். பாவு என்றால் அண்ணன். தன்னைவிட இளையவனையும் மரியாதைக்கு அப்படித்தான் அழைப்பாள். "பட்டனைத் தொடாதீங்க. தினமும் எப்படி அடிப்பீங்களோ அப்படியே, சும்மா கையால் செஞ்சு காட்டுங்க."

அவன் அபினவைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். எடு, வை, மிதி, தள்ளு. எடு, வை, மிதி, தள்ளு. அந்தக் கைகளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. சியாமளா உதட்டுக்குள் எண்ணினாள். இரண்டு.

"நான் வாட்சோட நின்ன அன்னைக்கு இடுக்கியால எடுத்து வெச்சீங்க."

"ஆமா தாயி."

"தோச்ச சட்டை போட்டிருந்தீங்க. காலர்ல இஸ்திரி மடிப்புக்கூட இருந்துச்சு."

ஏகநாத் தலையைக் குனிந்துகொண்டான். "பெரிய பாடீல் சாஹேப் முந்தின நாளே சொல்லிட்டார். கம்பெனிலேருந்து மேடம் வராங்க, ஒழுங்கா வேலை செய்யுங்கடான்னு. நீங்க எதிர்லயே நின்னீங்க. பெரியவங்க பாக்கறப்ப அவசரப்பட்டா நல்லாவா இருக்கும்? அதான் நிதானமா செஞ்சேன். நீங்க போனதும்..."

"நான் போனதும் வேலையைப் பாத்தீங்க."

"ஷிஃப்டுக்கு இத்தனைன்னு இருக்கே தாயி."

கட்டங்களில் அரையைக்கூட விடாமல் எண்ணினவள், எதிரில் நின்ற மனிதன் தனக்காகத்தான் மெதுவாகச் செய்தான் என்பதை எண்ணவில்லை. அவள் அன்று அளந்தது வேலையின் வேகத்தை இல்லை, அவனுடைய மரியாதையை.

"மோட்டார் எத்தனை தடவை எரிஞ்சது?"

"ரெண்டு. சாவியும் ரெண்டு தடவை லூஸாச்சு. தகடு வெச்சு இறுக்கினோம்."

"எனக்கு ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லல?"

ஏகநாத் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "உங்க கணக்கு தப்பாவா இருக்கும் தாயி? நாங்கதான் ஏதோ தப்பா ஓட்டறோம்னு நெனச்சோம்."

அதுதான் அவளைச் சுட்டது. சுவருக்குப் போனாள். தாளைக் கழற்றினாள். லாமினேஷன்மேல் பேனா பிடிக்கவில்லை. சாமிக்கு முன்னாலிருந்த குங்குமத்தை விரலால் எடுத்து, 'மூன்றரை விநாடி' என்ற வரியின் மேலே அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, தன் கோயம்புத்தூர் மராத்தியில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இந்தக் கணக்கு தப்பு. போட்டது நான். சக்கரம் வார்த்தவர்மேல தப்பில்ல, ஓட்டினவர்மேலயும் தப்பில்ல. இந்த மிஷினை இனி ஓட்டலாம்னு சொல்ல என் கையெழுத்து கிடையாது. எல்லாரும் சக்கரத்துக்கு நேரா நிக்காம நகருங்க."

ஏகநாத்தின் மனைவிதான் முதலில் நகர்ந்தாள். இரண்டு குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு, புருஷனையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

"மேடம், பூஜை நாளும் அதுவுமா..." என்றான் அபினவ். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் உங்க முதலாளிகிட்டப் பேச வேண்டியிருக்கும்."

"பேசுங்க தம்பி. நான் சொன்னதையே சொல்லுங்க, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

முகூர்த்தம் கடந்தது. பூஜைக்கு வைத்திருந்த தேங்காயை வாசலில் போய் அவளே உடைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சுண்டல் வாசனை. சாமி முன்னால் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நடுவே பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் வைத்து, அவளுடைய பதினோரு கணக்கு நோட்டுகள். சியாமளா செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய்த் துணியை விலக்கினாள்.

"சியாமா!" என்று பதறினார் ரவிசந்திரன். "நாளைக்கு விஜயதசமிக்குத்தான எடுக்கணும்? பூஜைல வெச்சதைத் தொடலாமா?"

"நாளைக்கு லீவுங்க. நாளான்னிக்குக் காலைல ஆறு மணிக்கு எல்லா ஷிஃப்டும் ஆரம்பிச்சுருவாங்க."

"அதுக்கு?"

"நின்னு பாத்து நேரம் குறிச்சது இது ஒண்ணு மட்டும் இல்லீங்க. எல்லா இடத்துலயும் அப்படித்தான் நின்னேன். எல்லா இடத்துலயும் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க, சட்டை மாத்திட்டு வந்தாங்க." "எத்தனை சக்கரம்னு எனக்கே தெரியலை."

அவர் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு உட்கார்ந்து நோட்டுகளைப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தார். கிளார்க் அல்லவா. சிஞ்ச்வட் போக, நின்று நேரம் குறித்தவையாகப் பத்தொன்பது சக்கரம் வந்தது. அவள் ஒவ்வொரு ஷாப்புக்கும் போன் செய்தாள். பண்டிகை வாழ்த்துச் சொன்னாள். ஒரே கேள்வி கேட்டாள்: "ஷிஃப்டுக்கு எத்தனை துண்டு?" பெருமைக்காகச் சொல்லும் எண்ணில் நூறு, இருநூறு கூட இருக்கும் என்று கழித்து வகுத்தாள். பதினாறு தாங்கும். மூன்று தாங்காது. அந்த மூன்று பேரிடமும் ஓட்டாதீர்கள் என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னாள். ஒருவர் திட்டினார். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் எதுவும் பேசாமல் போனை வைத்துவிட்டார். அவரிடம் மறுநாள் காலையில், தசராவும் அதுவுமாக, நேரில் போய் மிஷின் ஃபியூஸைக் கையில் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போனபோது ராகவேந்திரா அவளை உட்காரச் சொல்லிவிட்டு வெகுநேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "விரிசல்னு மட்டும் சொல்லியிருக்கலாமே மேடம். உங்க பேரை ஏன்..."

"சொன்னேன் சார். அப்பவும் மிஷினை ஓட்டத்தான் பாத்தாங்க. என் பேருதான் அதை ஓட்டிட்டு இருந்துச்சு."

நான்கு சக்கரங்களுக்குப் புதுக் கணக்கு போடச் சொன்னார். அவள் தலைக்கு மேலே, சரிபார்த்துக் கையெழுத்திட இன்னொருவரையும் நியமித்தார். அவள் மறுக்கவில்லை. தாயி கணக்கு என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப்போகிற காலம் அதோடு முடிந்தது. அது வலிக்கவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் சிஞ்ச்வட்டில் சக்கரத்தைக் கழற்றினார்கள். அவளும் போய் நின்றாள். கிரேன் கயிறு கட்டி, சாவித்துண்டை அடித்து வெளியே எடுத்ததும், குடம் சத்தமே இல்லாமல் வாய் பிளந்தது. வெளியே ஒரு விரல் நீளம் தெரிந்த விரிசல் உள்ளே முக்கால் பங்கு போயிருந்தது. பழைய உடைப்பு துரு நிறத்தில், கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில். அந்தச் சாம்பல் நிறம் இரண்டு விரல் அகலம் இருந்தது. அறுநூறு கிலோவும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அபினவ் அதைத் தொட்டுப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டு வெளியே போனவன் அரை மணி நேரம் உள்ளே வரவில்லை.

ஏகநாத் தான் பத்து வருஷமாக நிற்கும் இடத்தில் நின்று, தலையைத் தூக்கிச் சக்கரம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். "தாயி, அன்னைக்கே நான் நெஜமான வேகத்துல செஞ்சிருந்தா?"

"நான் நெஜமான வேகம் என்னன்னு கேட்டிருந்தா" என்றாள் அவள்.

புதுச் சக்கரத்துக்கு அவள் வாட்ச் எடுத்து வரவில்லை. மூன்று மாதத்து ஷிஃப்ட் புத்தகத்தை வாங்கிப் போய் வகுத்தாள். அதற்குப் பிறகும் ஏகநாத்தை டீக்கடைக்குக் கூட்டிப்போய், முதலாளி இல்லாத இடத்தில், மாசக் கடைசியில் அவசரம் வந்தால் எவ்வளவு வேகம் போவாய் என்று கேட்டாள். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஒண்ணே முக்கால்" என்றான்.

இப்போது அந்தச் சுவரில் புதுத் தாள் தொங்குகிறது. குங்குமம் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். மோட்டார் பெரிசு, சக்கரம் பெரிசு. கீழே இரண்டு கையெழுத்து. நடுவில், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள இடைவெளி என்ற இடத்தில், இப்படி எழுதியிருக்கிறது: 'ஒண்ணே முக்கால் விநாடி. சொன்னவர்: ஏகநாத்.'